எத்தனை பொட்டலம் கட்டுவது?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கணக்கு என்றதும் நினைவுக்கு வருவது சம்பளச் சீட்டுதான். எத்தனை நாள் பெயர் விழுந்தது, எத்தனை கிலோ பால், எத்தனை குலை, முன்பணம் எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கில் நாம் ஏமாறுவதில்லை. கிராணியார் ஐந்து காசு குறைத்துப் போட்டாலும் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவோம். ஆனால், சொந்தமாக ஒரு சிறு தொழிலைத் தொடங்கும் அன்றே வேறொரு கணக்கு வந்து வாசலில் நிற்கிறது. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? இதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது. இங்கேதான் நம்மில் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறோம். ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வருகின்ற ஊழியர் சேமநிதிப் பணம், ஆயுள் முழுவதும் மரத்தடியில் குனிந்து நிமிர்ந்த பணம், ஓராண்டில் ஒரு கடைக்குள் கரைந்து போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடை வைத்தவர் சோம்பேறியா? இல்லை. பெரும்பாலும் அவர் நல்ல உழைப்பாளிதான். அவரிடம் இருந்த கணக்கு ஒன்றே ஒன்று: சராசரி. அந்த ஒன்றை மட்டும் நம்பியதுதான் கோளாறு.

ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; உங்கள் தோட்டத்திலேயே அப்படி ஒருவர் இருப்பார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டி, பெரட்டுக்குப் போகிறவர்கள் பசியாற விற்கிறார். ஒரு பொட்டலத்துக்கு அவருக்கு ஆகும் செலவு 1 வெள்ளி. விற்பது 2 வெள்ளி 50 காசு. மிஞ்சினால் மறுநாளைக்கு ஆகாது. மாதத்தில் 25 நாள் கடை போடுகிறார். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் 1,250 பொட்டலத்துக்கு ஆள் வந்திருக்கிறது. இருபத்தைந்தால் வகுத்தால் நாளுக்கு 50. சரி, தினமும் 50 கட்டுவோம் என்று முடிவு செய்கிறார். நியாயமாகத்தானே தெரிகிறது?

ஆனால் அந்த 25 நாளை நாளுக்கு நாள் பிரித்துப் பாருங்கள். சாதாரண நாள் 20. அந்த நாட்களில் சராசரியாக 40 பேர்தான் வருகிறார்கள். மீதி ஐந்து நாள், அதாவது நான்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சம்பள நாளும், 90 பேர் வருகிறார்கள். இருபது நாற்பதுகளையும் ஐந்து தொண்ணூறுகளையும் கூட்டி வகுத்தால் 50 வருகிறது. உண்மையில் ஐம்பது பேர் வந்த நாள் அபூர்வம்! இல்லாத ஒரு நாளுக்காக அக்கா தினமும் சோறு வடிக்கிறார். சாதாரண நாட்களில் மாதத்துக்கு 200 பொட்டலம் மிஞ்சுகிறது. செலவு 200 வெள்ளி போயிற்று. பெரிய நாட்களில் 200 பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். வரவேண்டிய இலாபம் 300 வெள்ளி போயிற்று. மொத்தம் 500 வெள்ளி. ஒரு சிறு கடைக்கு இது சின்னக் காசா?

ஆகவே முதல் வேலை, குவியலைப் பிரிப்பது. ஒரே சட்டைக்குள் அண்ணனையும் தம்பியையும் நுழைத்தால் சட்டைதான் கிழியும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டே கிடையாது. வெட்டிய நாளின் பால் ஒரு கணக்கு, மழை நாளின் சைபர் வேறு கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் குறையும் காலம் இன்னொரு கணக்கு. மூன்றையும் கலந்து ஒரு சராசரி சொன்னால் எந்தத் தண்டலும் சிரிப்பார். கடை வைக்கும்போது மட்டும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

இப்படிப் பிரித்த பிறகு ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வடிவம் தெரியும். எண்கள் எங்கே கூடுகின்றன, எங்கே சிதறுகின்றன, எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்பதே அந்த வடிவம். கணித நூல்கள் இதை நிகழ்தகவுப் பரவல் என்கின்றன. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வடிவம் தெரியாமல் பணம் போடுவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கோயில் மணியின் வடிவம்

அக்காவின் 20 சாதாரண நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவோம்: 31, 33, 34, 35, 36, 37, 38, 38, 39, 39, 40, 41, 41, 42, 43, 44, 45, 46, 48, 50. கூட்டினால் 800. சராசரி 40. எண்கள் நடுவில் நெருங்கி நிற்கின்றன. இரு பக்கமும் போகப் போகக் குறைகின்றன. படமாக வரைந்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கும். இதுவே இயல்நிலைப் பரவல். பிரெஞ்சு நாட்டில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த டி மோய்வர் என்ற கணித அறிஞர் 1733-லேயே இந்த வளைவைக் கண்டு எழுதினார்.

இந்த வடிவம் ஏன் வருகிறது? இருநூறு தொழிலாளர் இருக்கிறார்கள். ஒருவர் இன்று வீட்டிலேயே ரொட்டி சாப்பிட்டுவிட்டார், ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு விருந்தாளி வந்துவிட்டார். ஒவ்வொருவர் முடிவும் சின்னது, ஒருவர் முடிவு மற்றவரைத் தொடுவதில்லை. சின்னச் சின்னக் காரணங்கள் நிறையச் சேரும் இடத்தில் இந்த மணி தானாகவே எழும்பும்.

சரி, எத்தனை கட்டுவது? நாற்பதா? பொறுங்கள். ஒரு பொட்டலம் குறைந்தால் அக்காவுக்கு நட்டம் 1 வெள்ளி 50 காசு. ஒன்று மிஞ்சினால் நட்டம் 1 வெள்ளி. குறைவதுதான் அதிகம் வலிக்கிறது. இரண்டையும் கூட்டினால் 2 வெள்ளி 50 காசு. அதில் 1.50 என்பது நூற்றுக்கு 60 பங்கு. ஆகவே 20 நாளில் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது பன்னிரண்டாவது எண் எதுவோ அத்தனை கட்ட வேண்டும். வரிசையில் எண்ணிப் பாருங்கள். 41. அப்படிக் கட்டினால் அந்த 20 நாளில் 51 பொட்டலம் மிஞ்சும், 31 பேருக்கு இல்லாமல் போகும். நட்டமும் கைவிட்ட இலாபமும் சேர்ந்து 97 வெள்ளி 50 காசு. தினமும் 50 கட்டியபோது இதே நாட்களில் 200 வெள்ளி போனது அல்லவா?

ஒன்று கவனியுங்கள். அரிசியும் தேங்காயும் விலை ஏறி, ஒரு பொட்டலத்தின் செலவு 2 வெள்ளி ஆகிவிட்டது, விற்கும் விலை அதே 2.50 என்று வைத்துக்கொள்வோம். இப்போது குறைந்தால் நட்டம் 50 காசு, மிஞ்சினால் நட்டம் 2 வெள்ளி. பங்கு நூற்றுக்கு 20. வரிசையில் நான்காவது எண், 35. வருகிற ஆட்கள் மாறவில்லை, சராசரி மாறவில்லை; ஆனாலும் கட்ட வேண்டிய எண்ணிக்கை ஆறு குறைந்துவிட்டது. இதைத்தான் சராசரி நமக்குச் சொல்லாது.

இருபது நாள் எழுதியது போதுமா என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். டப்ளின் நகரத்து கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் என்பவர் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார். கொஞ்சம் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்று 1908-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஊழியர்கள் தங்கள் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவன் என்ற புனைபெயரில் எழுதினார். (கருப்பு பீரால் நம் தோட்டங்களில் குடும்பங்கள் அழிந்த கதை நமக்குத் தெரியும். அந்த ஆலையிலிருந்து இப்படி ஒரு நன்மையும் வந்திருக்கிறது!) அவர் வழியில் கணக்கிட்டால், அக்கா ஐந்து நாள் மட்டும் எழுதிப் பார்த்து 40 என்று கண்டிருந்தால், உண்மையான சராசரி 34-லிருந்து 46 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இருபது நாள் எழுதினால் அது 38-க்கும் 42-க்கும் இடையில் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கடனை வாங்கிப் பெரிய அடுப்புப் போடுவது வேண்டாம்.

எழுதும்போது பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. விற்றதை மட்டும் எழுதுவார்கள். 40 கட்டி 40-ம் ஏழு மணிக்கே தீர்ந்தால் '40' என்று எழுதிவிடுவார்கள். அதன் பிறகு வந்து "அக்கா, இல்லையா?" என்று கேட்டுத் திரும்பியவர்களை யார் எழுதுவது? விற்றது வேறு, கேட்டது வேறு. கேட்டவர்களுக்கும் ஒரு கோடு போடுங்கள்.

பத்துமலைக்குப் போகும் பஸ்

இப்போது வேறொரு காரியம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போக 44 இருக்கை பஸ் ஒன்றைத் தோட்டத்து இளைஞர்கள் வாடகைக்குப் பிடிக்கிறார்கள். பெயர் கொடுத்தவர்களில் பத்தில் ஒருவர் கடைசி நேரத்தில் வருவதில்லை என்பது அவர்களின் அனுபவம். காலி இருக்கை என்றால் வாடகையில் துண்டு விழும். அதனால் கூடுதலாகப் பெயர் எழுதுகிறார்கள். எத்தனை எழுதலாம்?

இங்கே மணி வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டே முடிவு: வருவார் அல்லது வரமாட்டார். பெயரின் எண்ணிக்கையும் நம் கையில் இருக்கிறது. இதற்கு உரியது ஈருறுப்புப் பரவல். அதன்படி கணக்குப் போட்டால், 46 பெயர் எழுதினால் இருக்கை போதாமல் யாராவது நிற்க வேண்டிய வாய்ப்பு நூற்றுக்கு 5. இரண்டே பெயர் கூட்டி 48 எழுதினால் அது நூற்றுக்கு 28 ஆக ஏறிவிடுகிறது. சராசரியைப் பார்த்தவர், '48-இல் பத்தில் ஒரு பங்கு போனால் 43 பேர்தானே, இடம் தாராளம்' என்பார். காலை ஐந்து மணிக்குக் காவடிச் சாமானோடு நிற்கும் பாட்டியிடம் அந்தச் சராசரியைச் சொல்லிப் பாருங்கள்!

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒருவர் வராமல் போவதற்கும் இன்னொருவர் வராமல் போவதற்கும் தொடர்பு இருக்கக்கூடாது. நம் வாழ்க்கை அப்படியா? ஒரு வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால் அந்த வீட்டின் ஐந்து பேரும் வரமாட்டார்கள். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பாதி பஸ் காலி. அப்போது வராதவர்கள் ஒவ்வொருவராகக் குறைவதில்லை, கொத்தாகக் குறைகிறார்கள். சில ஆண்டு எல்லாரும் வந்து நெரிசல், சில ஆண்டு பத்து இருக்கை காலி என்று இரு பக்கமும் கணக்கு நீண்டுவிடும். ஆகவே தலையை எண்ணாமல் குடும்பத்தை எண்ண வேண்டும். புத்தகத்துச் சூத்திரம் சரியானதுதான். அது நம் லயத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பது நம் பொறுப்பு. பெரிய பெரிய வங்கிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2008-இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் கொத்துக் கொத்தாக விழுந்தபோது, ஒவ்வொரு கடனும் தனித்தனியாகத்தான் விழும் என்று நம்பியவர்களுக்குப் பலத்த அடி.

குதிரை உதைத்த கணக்கு

மகன் தொழிற்பயிற்சி முடித்துப் பக்கத்துப் பட்டணத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை திறக்கிறான். ஒரு குறிப்பிட்ட செயின் செட் மாதத்துக்குச் சராசரி இரண்டு பேர் கேட்கிறார்கள். எத்தனை வாங்கி வைப்பது? 'இரண்டுதானே கேட்கிறார்கள், இரண்டு போதும்' என்பது அப்பாவின் யோசனை.

இது மணியும் அல்ல, பஸ்ஸும் அல்ல. ஊரில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன. எந்த வண்டியின் செயின் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு மாதத்தில் போவது ஒன்றிரண்டுதான். வாய்ப்பு நிறைய, நடப்பது அபூர்வம். இதற்கு உரியது பாய்சான் பரவல். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837-இல் வெளியிட்ட நூலில் இது வருகிறது. அதை உலகம் கவனிக்க வைத்தவர் போர்ட்கீவிச் என்ற புள்ளியியல் அறிஞர். பிரஷ்ய நாட்டுக் குதிரைப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கை எடுத்து, 1898-இல் ஒரு நூலாக எழுதினார். பத்துப் படைப்பிரிவு, இருபது ஆண்டு. ஆக 200 வரிகள். மொத்தச் சாவு 122. அதில் 109 வரிகளில் ஒருவரும் சாகவில்லை. 65-இல் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒரே ஒரு வரியில் நால்வர். பாய்சான் சூத்திரமோ, ஏறக்குறைய 109, 66, 20, 4, 1 என்று வர வேண்டும் என்கிறது. எவ்வளவு நெருக்கம், பாருங்கள்! நால்வர் இறந்த அந்தப் பிரிவில் குதிரைக்காரனைத் திட்டியிருப்பார்கள், அல்லது ஏதோ தோஷம் என்றிருப்பார்கள். தோஷம் எதுவும் தேவையில்லை. இருநூறு தடவை பார்த்தால் ஒரு தடவை அப்படி விழத்தான் செய்யும்.

பட்டறைக்குத் திரும்புவோம். மாதம் இரண்டு என்ற சராசரிக்கு, நூறு மாதத்தில் 14 மாதம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். 27 மாதம் ஒன்று, 27 மாதம் இரண்டு, 18 மாதம் மூன்று, 9 மாதம் நான்கு, 5 மாதம் ஐந்தோ அதற்கு மேலோ. அப்பா சொன்னபடி இரண்டு வைத்தால் நூறில் 32 மாதம் யாராவது ஒருவர் சாமான் இல்லை என்று எதிர்க்கடைக்குப் போவார். போனவர் அடுத்த தடவை எண்ணெய் மாற்றவும் அங்கேதான் போவார். நான்கு வைத்தால் அது நூறில் 5 மாதம்தான். செயின் செட் கெட்டுப்போகிற பொருள் அல்ல. இந்த மாதம் மிஞ்சினால் அடுத்த மாதம் விற்கும். நான்கு வைப்பதே நல்லது. அக்காவின் நாசி லெமாக்குக்கு இதே தைரியம் காட்ட முடியாது.

கடன் புத்தகம்

எனக்கு மிகவும் கவலை தரும் கணக்கு இதுதான். தோட்டத்து மளிகைக் கடையில் 40 பேர் கடன் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 4,000 வெள்ளி. சராசரி ஆளுக்கு 100. 'ஒருவர் ஏமாற்றினால் நூறு வெள்ளிதானே' என்று கடைக்காரர் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். புத்தகத்தைப் புரட்டினால், 38 பேர் சுமார் 30 வெள்ளி வீதம் 1,140 வைத்திருக்கிறார்கள். மீதி 2,860-ம் இரண்டே பேர் தலையில்! அவர்களில் ஒருவர் இரவோடிரவாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் போவது நூறு அல்ல, 1,430 வெள்ளி.

பணம் சேரும் இடத்தில் மணி வடிவம் அநேகமாக வராது. ஒரு பக்கம் கூட்டம், மறு பக்கம் நீண்ட வால். இத்தாலிய நாட்டு அறிஞர் பரேட்டோ 1890-களில் பல நாட்டு வருமானக் கணக்குகளைப் பார்த்து இந்த வாலைக் கண்டார். வால் உள்ள இடத்தில் சராசரியைக் கேட்காதீர்கள். பெரிய எண் எது, அது ஒன்று போனால் கடை தாங்குமா என்று கேளுங்கள். தாங்காது என்றால் கடனுக்கு ஓர் எல்லை போடுவதைத் தவிர வேறு சூத்திரம் கிடையாது. முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம். அதுதான் நம் பலவீனம்.

இத்தனையும் யார் கணக்குப் போடுவது என்று மலைக்க வேண்டாம். வீட்டில் ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதம் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? மணி வடிவமும் ஈருறுப்பும் அந்தப் பிள்ளையின் பாடத்திலேயே இருக்கின்றன. எஸ்.பி.எம். சோதனைக்காக மனப்பாடம் செய்யும் பிள்ளையைக் கூப்பிட்டு, 'நம் கடைக்கு எது பொருந்தும்?' என்று கேட்டுப் பாருங்கள். சூத்திரம் பிள்ளைக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேறு, சம்பள நாள் வேறு, சாவு விழுந்தால் பஸ் காலி என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

கடைசியாக, தீபாவளி முறுக்கு. இது ஆண்டுக்கு ஒரு தடவை. இருபது நாள் எழுதிப் பார்க்க வழியில்லை. சென்ற ஆண்டு 60 டப்பா விற்றது என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு எந்த வடிவத்தையும் வரைய முடியாது. இங்கே அக்கா சாமர்த்தியசாலி. ஐந்து வாரத்துக்கு முன்பே லயம் லயமாகப் போய், பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு, பெயரையும் டப்பா எண்ணிக்கையையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார். எழுதிய அளவுக்கு மாவு பிசைகிறார். அதற்கு மேல் பத்து டப்பா மட்டும் தம் துணிச்சலுக்கு.